குறைகடத்திகளில் இலத்திரன்களின் இடங்கொள்ளல்: நிகழ்தகவுக் கணிப்புப் பற்றிய ஓர் அறிமுகம்

அணுவுலகிலே நிச்சயம் என்று எதுவுமில்லை, அங்கு நிகழ்தகவே ஆட்சி செய்கின்றது என்னும் கூற்று இலக்கியக் கட்டுரைகளிலும் மெய்யியல் உரைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. விஞ்ஞானம் தனது இயலாமையை ஒப்புக்கொண்டுவிட்டது என்றும், புறவுலகு பற்றிய திட்டவட்டமான அறிவு சாத்தியமன்று என்றும் இதிலிருந்து முடிபு கட்டுவோரும் உளர். கூற்று அரைகுறை உண்மை. அதனின்று பெறப்படும் முடிபோ தவறானது. இதனை வாதத்தினால் நிறுவுவதிலும் பார்க்க, நிகழ்தகவுக் கணிப்பு ஒன்றினையே எடுத்துக்கொண்டு, அது எதனை எமக்குச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என ஆராய்வது பயனுடையதாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கணிப்பு, குறைகடத்திப் பளிங்கொன்றில் குறித்த ஒரு சக்திநிலையிலே இலத்திரன் ஒன்று இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்பதாகும். இலங்கையில் உயர்தர வகுப்புப் பௌதிகவியலைத் தமிழிற் கற்றோர்க்கு இலத்திரன், குறைகடத்தி, துளை ஆகிய சொற்கள் புதியனவல்ல. ஏனையோரும் தொடர்ந்து வருதற்பொருட்டு, அடிப்படைகள் சில இங்கு விளக்கப்படுகின்றன. இன்றைய கணினி, கைத்தொலைபேசி, சூரியக்கலம் ஆகிய யாவற்றின் அடியிலும் இக்கணிப்பு உண்டு என்பதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

1. சமூகக் கணக்கும் வாயுக் கணக்கும்

புள்ளிவிபர முறை பௌதிகவியலினுள் வந்து சேர்ந்த வழி, சமூகவியற் கற்கைகளில் ஈடுபாடுடையோர்க்குச் சுவையானது. பெல்ஜிய அறிஞரான அடோல்ப் கெற்லே 1835இல் வெளியிட்ட நூலிலே, பிறப்பு, இறப்பு, குற்றச்செயல் முதலியவற்றின் ஆண்டுத் தொகைகள் வியப்பூட்டும் ஒழுங்குடன் மீண்டும் மீண்டும் வருவதனை எடுத்துக்காட்டினார். இன்ன மனிதன் இன்ன ஆண்டிலே குற்றமிழைப்பான் எனக் கூறுதல் இயலாது. ஆயினும் ஒரு நாட்டிலே ஓராண்டில் எத்தனை குற்றங்கள் நிகழும் என்பது பெரும்பாலும் கூறக்கூடியதாயிருந்தது. கெற்லேயின் கருத்துகள் பற்றி ஜோன் ஹேர்ஷல் 1850இல் எழுதிய மதிப்புரை, ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெலின் சிந்தனையைப் பாதித்தது என்பதனை விஞ்ஞான வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். வாயு மூலக்கூறுகளின் வேகப் பரம்பல் பற்றிய மக்ஸ்வெலின் ஆய்வு 1860இல் வெளியாயிற்று. லுட்விக் போல்ட்ஸ்மன் அதனை மேலும் விரிவுபடுத்தினார்.

எனவே சமூகத்தை நோக்கிக் கற்ற ஒரு முறையே பின்னர் சடப்பொருளை நோக்கித் திருப்பப்பட்டது எனலாம். இம்முறையிலே தனியொன்றின் நடத்தை கேள்விக்குரியதன்று. தொகுதியின் ஒழுங்கே தேடப்படுவது. ஆயினும் மக்ஸ்வெலும் போல்ட்ஸ்மனும் நிகழ்தகவைக் கையாண்டபோது, ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென ஓர் அடையாளமுடையது என்றே கொண்டனர். இலத்திரனைப் பொறுத்தவரையில் இக்கருதுகோள் நிலைக்கவில்லை.

2. எண்ணும் முறையில் நேர்ந்த மாற்றம்

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மூன்று இடங்கள் உள. இரண்டு துணிக்கைகளை அவற்றில் வைத்தல் வேண்டும். எத்தனை வழிகள் உள?

துணிக்கைகள் வேறுபிரித்தறியத்தக்கன எனின், முதலாவதற்கு மூன்று தெரிவுகள், இரண்டாவதற்கும் மூன்று தெரிவுகள். ஆகவே 9 வழிகள். இது மக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் ஆகியோர் வழி. துணிக்கைகள் ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய இயலாதன, ஆயினும் ஓரிடத்தில் எத்தனையும் இருக்கலாம் எனின், இரண்டும் ஒன்றாயிருக்கும் வழிகள் 3, தனித்தனியே இருக்கும் வழிகள் 3, ஆகவே 6. ஒளித்துணிக்கைகளுக்குரிய இவ்வெண்ணும் முறையினை 1924இல் டாக்காப் பல்கலைக்கழகத்திலிருந்த சத்தியேந்திர நாத் போஸ் கண்டார். அவர் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, ஐன்ஸ்டைன் அதனை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். இனி, பிரித்தறிய இயலாமையோடு, ஓரிடத்தில் ஒன்றுக்கு மேற்படல் ஆகாது என்ற தடையும் சேருமெனின், எஞ்சுவன 3 வழிகளே. இலத்திரன்கள் இவ்வகையின.

இத்தடையினை வுல்ப்காங் பௌலி 1925இல் வகுத்தார். அதன் அடிப்படையிலான புள்ளிவிபர விதியினை 1926இன் தொடக்கத்தில் இத்தாலியிலே என்றிக்கோ பேர்மியும், அவ்வாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே போல் டிறாக்கும் வெளியிட்டனர். ஜேர்மனியிலே பஸ்குவல் ஜோர்டானும் இவ்விதியை அடைந்திருந்தார் என்றும், அவர் தந்த கட்டுரையை அமெரிக்கப் பயணத்தின்போது தாம் பெட்டியில் வைத்து மறந்துவிட்டதாகவும் மக்ஸ் போர்ன் பிற்காலத்திற் கூறியுள்ளார். ஒரே காலத்தில், ஒருவரையொருவர் சாராது, மூவர் ஒரே விதியை எய்தியமை, கண்டுபிடிப்பு என்பது தனிமேதையின் மின்னல்வீச்சு மாத்திரமன்று, அதற்கான வினாக்களும் கருவிகளும் முதிர்ந்திருத்தல் வேண்டும் என்பதற்கு நல்ல சான்றாகும்.

இவ்விடத்து ஒன்று தெளிவாதல் வேண்டும். எந்த இலத்திரன் எந்த இடத்தில் உள்ளது என்பது எமக்குத் தெரியாமையினால் 9 என்பது 3 ஆகிவிடவில்லை. எந்த இலத்திரன் என்ற வினாவுக்கே பொருளில்லை என்பதனாலும், ஓரிடத்தில் இரண்டு நிற்க முடியாமையினாலுமே 3 ஆயிற்று. கணக்கிலே குறைந்தது எமது அறிவன்று. இயற்கையில் உண்மையாக உள்ள வழிகளின் தொகை அவ்வளவே.

3. சூத்திரமும் அதன் பொருளும்

குறித்த ஒரு சக்திநிலையை எடுத்துக்கொள்வோம். அது வெறுமையாயிருக்கலாம், அல்லது ஓர் இலத்திரன் அதிலே இருக்கலாம். மூன்றாவது சாத்தியம் இல்லை. வெறுமைக்கு 1 என்ற நிறையைக் கொடுப்போமாயின், நிரம்பியிருத்தலுக்கு உரிய நிறை, அந்நிலையின் சக்தி உயர உயர அடுக்குமுறையிற் குறைந்துசெல்லும் ஓர் எண்ணாகும். இரண்டாம் நிறையை இரண்டினதும் கூட்டுத்தொகையால் வகுத்தால் வேண்டிய நிகழ்தகவு கிடைக்கும். கணிக்கும் முறை வருமாறு:

முதலாவது, நிலையின் சக்தியிலிருந்து பேர்மி மட்டத்தின் சக்தியைக் கழிக்க. இரண்டாவது, வந்த வித்தியாசத்தை, போல்ட்ஸ்மன் மாறிலியைத் தனிவெப்பநிலையாற் பெருக்கிவரும் தொகையால் வகுக்க. 300 கெல்வினில் (27 பாகை செல்சியசு) இத்தொகை 0.02585 இலத்திரன்வோல்ற்று. மூன்றாவது, 2.718 என்னும் எண்ணை, வந்த ஈவின் அடுக்குக்கு உயர்த்துக. நான்காவது, அதனோடு 1ஐக் கூட்டி, 1ஐ அக்கூட்டுத்தொகையால் வகுக்க.

பேர்மி மட்டத்திலேயே உள்ள நிலைக்கு வித்தியாசம் பூச்சியம். ஆகவே நிகழ்தகவு சரிபாதி. வெப்பச்சக்தித் தொகையின் ஒரு மடங்கு மேலே சென்றால் 0.269, இரு மடங்கில் 0.119; மூன்று மடங்கில் 0.047, நான்கு மடங்கில் 0.018. மட்டத்துக்குக் கீழே அதேயளவு இறங்கினால், இவ்வெண்களை 1இலிருந்து கழித்து வருவன நிகழ்தகவுகளாகும். மேலே நிரம்பியிருத்தலும் கீழே வெறுமையாயிருத்தலும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம் போல்வன. தனிப்பூச்சியத்திலே படம் மேலும் எளிதாகின்றது: மட்டத்துக்குக் கீழே யாவும் நிரம்பியன, மேலே யாவும் வெறியன. வெப்பம் இக்கூரிய எல்லையைச் சற்று மழுங்கச் செய்கின்றது, அவ்வளவே.

பேர்மி மட்டம் எவ்வாறு தெரியவருகின்றது? பளிங்கிலுள்ள எல்லா நிலைகளின் நிகழ்தகவுகளையும் கூட்டினால், மொத்த இலத்திரன் தொகை சரியாக வருதல் வேண்டும். அவ்வாறு வரச்செய்யும் சக்தியே பேர்மி மட்டம். அதாவது, தனியொரு நிலையின் நிகழ்தகவு அந்நிலையால் மாத்திரம் நிர்ணயிக்கப்படுவதன்று. முழுத் தொகுதியின் கணக்கு அதனை நிர்ணயிக்கின்றது. இக்கணிப்பின் உயிர்நாடி இதுவே.

4. வைரம், சிலிக்கன், ஜேர்மானியம்

பளிங்கிலே இலத்திரன்களுக்குரிய சக்திநிலைகள் பட்டைகளாக அமைகின்றன. அணுக்களைப் பிணைக்கும் இலத்திரன்கள் நிற்பது வலுவளவுப் பட்டை. மின்னைக் காவிச்செல்லும் இலத்திரன்கள் நிற்பது கடத்தற் பட்டை. இரண்டுக்கும் இடையே நிலைகளற்ற சக்தி இடைவெளி. பட்டை பகுதியாக நிரம்பியிருப்பின் பொருள் உலோகம் என்றும், நிரம்பிய பட்டைக்கும் வெறும் பட்டைக்கும் இடையே இடைவெளி இருப்பின் அது காவலியோ குறைகடத்தியோ ஆகும் என்றும் பிரித்தானியரான அலன் வில்சன் 1931இல் விளக்கினார்.

காபன், சிலிக்கன், ஜேர்மானியம் ஆகிய மூன்றும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தன. வைரமாயமைந்த காபனும் ஏனைய இரண்டும் ஒரே பளிங்கமைப்புடையன. வேறுபாடு இடைவெளியின் அளவிலே உள்ளது: ஜேர்மானியத்தில் ஏறத்தாழ 0.66, சிலிக்கனில் 1.12, வைரத்தில் 5.5 இலத்திரன்வோல்ற்று. தூய பளிங்கிலே பேர்மி மட்டம் இடைவெளியின் ஏறக்குறைய நடுவில் நிற்கும். ஆகவே கடத்தற் பட்டையின் அடிவிளிம்புக்கும் அதற்குமிடையே உள்ள தூரம் இடைவெளியின் பாதி.

சிலிக்கனுக்குக் கணிப்போம். 0.56ஐ 0.02585 ஆல் வகுக்க வருவது 21.66. அவ்வடுக்குக்கு 2.718ஐ உயர்த்த வருவது ஏறத்தாழ 255 கோடி. எனவே அவ்விளிம்பிலுள்ள 255 கோடி நிலைகளில் ஒன்றே நிரம்பியிருக்கும். இதே வழியிற் கணிக்க, ஜேர்மானியத்தில் 3.5 இலட்சத்தில் ஒன்று. வைரத்திலோ 10⁴⁶இல் ஒன்று.

நிகழ்தகவு வேறு, இலத்திரன் தொகை வேறு என்பதனை மாணவர் பலர் மறந்துவிடுகின்றனர். நாடகக் கொட்டகையொன்றிலே ஒவ்வோர் இருக்கையும் நிரம்புவதற்கான சாத்தியம் பாதி எனின், வந்தோர் தொகையை அறிய இருக்கைகளின் தொகையும் தெரிதல் வேண்டும். இடைவெளியின் நடுவிலே நிகழ்தகவு பாதியாயிருந்தும் அங்கு இலத்திரன் எதுவுமில்லை. ஏனெனில் அங்கு இருக்கையே இல்லை. சிலிக்கனின் கடத்தற் பட்டையிலே, விளிம்பிற் குவிந்தனவாகக் கணக்கிடத்தக்க நிலைகள் கன சென்ரிமீற்றருக்கு 2.8×10¹⁹. இதனை 255 கோடியால் வகுக்க, கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 10¹⁰ இலத்திரன்கள் கிடைக்கின்றன. அதேயளவு கனத்திலே 5×10²² அணுக்கள் உளவாதலின், 5 இலட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் இலத்திரனே விடுபட்டு நிற்கின்றது. வைரத்துக்குப் பருமட்டாகக் கணித்தால், பூமியளவு பருமனுடைய தூய வைரத்திலே விரல்விட்டெண்ணத்தக்க இலத்திரன்களே அறைவெப்பநிலையில் விடுபட்டிருக்கும்.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகின்றது என்னும் கோட்பாட்டுக்கு இதனை எடுத்துக்காட்டாக்க எம்மிற் பலருக்கு ஆசை எழும். ஆனால் அவசரப்படலாகாது. வைரத்திலிருந்து ஜேர்மானியம் வரை ஒரே சூத்திரமே செயற்படுகின்றது. அதிலே துள்ளல் எதுவும் இல்லை. காவலி, குறைகடத்தி என்ற பாகுபாடு எமது வெப்பநிலையையும் எமது தேவைகளையும் ஒட்டி நாம் இட்ட எல்லை. உலோகத்துக்கும் ஏனையவற்றுக்கும் இடையிலான வேறுபாடே தனிப்பூச்சியத்திலும் நிலைத்துநிற்கும் பண்பு வேறுபாடு. கோட்பாட்டுக்குச் சான்று தேடுவோர் சான்று எவ்விடத்திலுள்ளது என்பதிலே கவனமாயிருத்தல் வேண்டும்.

5. நிகழ்தகவை மாற்றியமைத்தல்

நிகழ்தகவு அறியாமையின் மறுபெயராயின், அதனை வேண்டியவாறு மாற்றியமைத்தல் இயலாது. குறைகடத்திக் கைத்தொழில் முழுவதும் அவ்வாறு மாற்றியமைத்தலேயாகும்.

வெப்பநிலையை மாற்றுவது ஒரு வழி. இடைவெளியில் ஏற்படும் சிறு மாற்றத்தைப் புறக்கணித்து 400 கெல்வினுக்குக் கணிப்போமாயின், சிலிக்கனின் விளிம்பு நிலைகளில் 1.1 கோடிக்கு ஒன்று நிரம்பியிருக்கும். வெப்பநிலை மூன்றிலொரு பங்கு உயர, நிகழ்தகவு 200 மடங்குக்கு மேல் உயர்கின்றது. 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இயங்கிய முதலாவது திரான்சிஸ்டர் ஜேர்மானியத்தால் ஆனது. இடைவெளி சிறிதாதலின், சற்றே சூடேறியதும் வேண்டாத இலத்திரன்கள் அதிலே பெருகின. பின்னர் சிலிக்கன் அதனிடத்தைப் பற்றிக்கொண்டமைக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று.

மற்றைய வழி மாசூட்டல். கன சென்ரிமீற்றருக்கு 10¹⁶ பொசுபரசு அணுக்களைச் சிலிக்கனிற் சேர்ப்போம். இது 50 இலட்சம் அணுக்களுக்கு ஒன்று. பொசுபரசு அணு பிணைப்புக்குத் தேவையானதிலும் ஓர் இலத்திரனை மிகையாக உடையது. இவை விடுபட, கடத்தும் இலத்திரன் செறிவு 10¹⁰இலிருந்து 10¹⁶ ஆகின்றது. அதாவது 10 இலட்சம் மடங்கு. இத்தொகைக்கு இசைய, பேர்மி மட்டம் இடைவெளியின் நடுவிலிருந்து எழுந்து, கடத்தற் பட்டை விளிம்புக்கு 0.205 இலத்திரன்வோல்ற்றுக் கீழே வந்து நிற்கும். விளிம்பு நிலைகளில் 2,800க்கு ஒன்று இப்போது நிரம்பியிருக்கும். மறுபுறத்தே, வலுவளவுப் பட்டையிலுள்ள வெற்றிடங்களாகிய துளைகள் 10¹⁰இலிருந்து 10⁴ ஆகக் குறையும். போரன் சேர்க்கப்படின் நிலைமை தலைகீழாகும்: துளைகள் பெருகும், இலத்திரன்கள் அருகும்.

பொசுபரசின் மிகை இலத்திரன்கள் உண்மையிலேயே விடுபட்டுள்ளனவா என்பதனையும் இவ்வழியே சோதிக்கலாம். ஆனால் இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. வழங்கி நிலை, இரு சுழற்சித்திசைகளுள் எதனையுடைய இலத்திரனையும் ஏற்கும். ஆயின் ஒன்றை ஏற்றபின் மற்றையதை ஏற்காது. எனவே வெறுமைக்கு ஒரு வழியும் நிரம்பியிருத்தலுக்கு இரு வழிகளும் உள. இதனால் மேற்கூறிய கணிப்பின் நான்காம் படியிலே, அடுக்கெண்ணைப் பாதியாக்கிய பின்னரே 1ஐக் கூட்டுதல் வேண்டும். பொசுபரசின் நிலை விளிம்புக்கு 0.045 இலத்திரன்வோல்ற்றுக் கீழே உள்ளது. ஆகவே பேர்மி மட்டத்துக்கு 0.16 மேலே. 0.16ஐ 0.02585 ஆல் வகுக்க 6.19, அடுக்கெண் ஏறத்தாழ 488, பாதி 244, ஒன்றைக் கூட்ட 245. எனவே 245 வழங்கி அணுக்களில் ஒன்றே தன் இலத்திரனை வைத்துக்கொண்டிருக்கும், ஏனையவை வழங்கிவிட்டன. 10¹⁶ என நாம் முற்கூட்டியே கொண்டது பொருத்தமே என்பது இதனால் உறுதியாகின்றது.

6. முடிபாகச் சில

இக்கணிப்புக்கு எல்லைகள் உண்டு. இது வெப்பச் சமநிலைக்கே உரியது. பளிங்கின்மீது ஒளி விழும்போதும், அதனூடாக மின் பாயும்போதும் சமநிலை குலைகின்றது. அந்நிலையில் இலத்திரன்களுக்கும் துளைகளுக்கும் தனித்தனிப் பேர்மி மட்டங்களைக் கொண்டு கணிப்பர். சூரியக்கலம் பயன்தருவது இவ்விரு மட்டங்களும் பிரிந்து நிற்பதனாலேயே. மாசு மிக அதிகமாகும்போதும் மேலே காட்டிய எளிய வடிவம் போதாதாகும்.

இவ்வெல்லைகளுள் நின்று நோக்குமிடத்து, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கின்றது. தனியொரு நிலையைச் சுட்டி, இக்கணத்தில் அது நிரம்பியுள்ளதா எனக் கேட்டால் இச்சூத்திரம் ஆம் என்றோ இல்லை என்றோ கூறாது. ஆனால் கோடானுகோடி நிலைகளைப் பற்றிக் கேட்டால் அது தரும் விடை, ஒரு கைத்தொழிலை அதன்மேல் நிறுவக்கூடிய அளவுக்கு உறுதியானது. 50 இலட்சத்துக்கு ஒன்று என மாசு சேர்ப்பவர் விளைவை முன்னரே அறிந்தே சேர்க்கின்றார். தற்செயலும் நியதியும் இங்கு ஒன்றையொன்று விலக்கும் பகைகள் அல்ல. தனிநிகழ்வின் தற்செயலினூடாகவே தொகுதியின் நியதி தொழிற்படுகின்றது.

பிறிதோர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. சமூகக் கணக்கிலிருந்து பௌதிகவியல் இம்முறையைக் கடன்பெற்றது என்பதனால், பௌதிகவியல் பெற்ற முடிபுகளை மீண்டும் சமூகத்தின்மேல் ஏற்றிவிடலாம் என்பதில்லை. இலத்திரன்கள் ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய இயலாதன. அவற்றுக்கு வரலாறு இல்லை. கெற்லே எண்ணிய மனிதர்களுக்கோ பெயரும் தொழிலும் நினைவும் உண்டு. தம்மைப் பற்றிய புள்ளிவிபரத்தைப் படித்துத் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளவும் அவர்கள் வல்லவர்கள். மனிதரை இலத்திரன்களாக எண்ணும் சமூகவியலும், இலத்திரன்களுக்கு மனிதரின் தன்விருப்பைக் கற்பிக்கும் மெய்யியலும் இவ்வேறுபாட்டையே காணத் தவறுகின்றன.

இலக்கியத் திறனாய்விலே நிகழ்தகவு, நிச்சயமின்மை முதலிய சொற்களைக் கையாளுவோர், அவை தோன்றிய துறையில் என்ன வேலை செய்கின்றன என்பதனை ஒருமுறையேனும் கணித்துப் பார்ப்பது நன்று. அதற்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. மேலே தரப்பட்ட நான்கு படிகளையும், சாதாரண கணிப்பான் ஒன்றையும் கொண்டு, ஜேர்மானியத்தின் எண்ணை வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.